உதிர்ந்த இலை கிடக்கட்டும்

இங்கிலாந்தில் அக்டோபர் மாதம் முடியும் தறுவாயில், வீட்டின் பின்புறத்தில் ஒரு துண்டு நிலமாவது உடைய குடும்பஸ்தர்கள் வாருகோலையும் கத்தரியையும் எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்குவது நெடுங்கால வழக்கம். பூத்து ஓய்ந்த செடிகளை அடியோடு வெட்டி, உதிர்ந்த இலைகளை வாரிக் குவித்து எரித்து, வேலியோரத்துக் கொடிகளைக் கழித்து, புல்தரையைத் துடைத்துவிட்டாற்போல் ஆக்கி, இனி வசந்தம் வரும் வரையில் இங்கே நமக்கு வேலையில்லை என்று கதவைச் சாத்திக்கொள்வதே நல்ல தோட்டக்காரனுக்கு லக்ஷணம் என்று பல தலைமுறைகளாக எண்ணப்பட்டு வந்தது. அந்த எண்ணம் இப்போது மெல்ல மெல்ல மாறி வருகிறது. குப்பை என்று வாரி எரித்த அந்த இலைக்குவியலும், அழகில்லை என்று வெட்டி எறிந்த அந்தக் காய்ந்த தண்டும், அடுத்த ஐந்து மாத காலம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய எத்தனையோ பிராணிகளுக்கு வாசஸ்தலமாக இருந்தவை என்பதை அந்நாட்டு ஜனங்கள் அறிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள்.

மார்கழிப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் நமக்கு அந்த நாட்டுக் குளிர்காலத்தின் கொடுமையைச் சற்று விளக்கித்தான் சொல்ல வேண்டும். டிசம்பர் மாதத்து நடுவில் லண்டனில் சூரியன் காலை எட்டு மணிக்குமேல் உதித்து மாலை நான்கு மணிக்குள் அஸ்தமித்துவிடுகிறது. பகல் என்பது எட்டு மணி நேரம்கூட இல்லை. தரை உறைந்து கல்லாகிவிட்டால் மண்புழுவைத் தோண்டித் தின்னும் பறவைக்கு ஆகாரம் கிடையாது. பூச்சிகள் மறைந்துவிட்டால் அவற்றையே நம்பியிருக்கும் பிராணிகளுக்கும் அதே கதி. தகைவிலான் போன்ற சில பறவைகள் முன்கூட்டியே புறப்பட்டுத் தென்னாப்பிரிக்கா வரையில் பறந்து போய்விடுகின்றன. அப்படிப் போக வகையற்றவை உறங்கியோ, உறங்காமல் பசியோடு போராடியோ அந்தக் காலத்தைக் கழிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுத் தோட்டம் என்பது எவ்வளவு பெரிய இடம், அதில் எத்தனை ஜீவன்கள் இருந்துவிடப் போகின்றன என்று கேட்பவர்களுக்கு ஜெனிபர் ஓவன் என்ற அம்மையார் தம் வாழ்நாள் உழைப்பால் பதில் சொல்லியிருக்கிறார். லெஸ்டர் நகரின் புறப்பகுதியில், ஏக்கரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான தம்முடைய சாதாரண வீட்டு மனையில், 1972 முதல் முப்பது வருஷ காலம் அவர் கண்ணில் பட்ட செடி, பூச்சி, பறவை யாவற்றையும் இனம் கண்டு எழுதிவைத்தார். முடிவில் கணக்கு 2,673 இனங்கள் என்று வந்தது. அவற்றில் ஏறத்தாழ 2,000 இனங்கள் பூச்சிகள். அது விசேஷமாகப் பாதுகாக்கப்பட்ட வனம் அன்று. காய்கறியும் பூச்செடியும் புல்தரையும் உள்ள, அண்டை வீடுகளின் தோட்டங்களைப் போன்றே இருந்த தோட்டம். பிரிட்டனில் உள்ள வீட்டுத் தோட்டங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தால், அரசாங்கம் இயற்கைக் காப்பிடங்கள் என்று ஒதுக்கியுள்ள நிலங்களைவிடப் பரப்பில் பெரியதாகும் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு வீட்டுக்காரர் தம் மனையில் செய்வதும் செய்யாமல் விடுவதும் அற்பமான விஷயங்கள் அல்ல என்பது விளங்கும்.

இந்தத் தோட்டங்களில் குடியிருப்பவற்றுள் ஜனங்களின் அன்புக்கு மிகவும் பாத்திரமானது முள்ளெலி. நம் நாட்டிலும் இதன் உறவினமான ஒரு முள்ளெலி உண்டு; தென் தமிழகத்துச் செம்மண் தேரிகளில் அதைப் பார்த்தவர்கள், தொட்டவுடன் அது முள்பந்தாகச் சுருண்டுகொள்வதை மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் முள்ளெலி நவம்பர் முதல் மார்ச் அல்லது ஏப்ரல் வரையில் உறங்குகிறது. உறக்கம் என்று நாம் சொன்னாலும் அது நாம் இரவில் கொள்ளும் நித்திரையைப் போன்றது அன்று. சுமார் 35 டிகிரி இருந்த அதன் சரீர உஷ்ணம் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. நிமிஷத்துக்கு 190 தடவை துடித்த இருதயம் 20 தடவை அளவில் துடிக்கிறது. சுவாசம் நின்று நின்று வருகிறது. விளக்கின் திரியைக் குறைத்து எண்ணெயை மிச்சப்படுத்துவதுபோல, இலையுதிர்காலத்தில் தின்று சேர்த்துவைத்த கொழுப்பை அணு அணுவாகச் செலவழித்து அது உயிரைக் காத்துக்கொள்கிறது. வசந்தத்தில் எழுந்து வரும்போது உடம்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோயிருக்கும்.

இந்த உறக்கத்துக்காக அது அமைத்துக்கொள்ளும் படுக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஒரு புதரின் அடியிலோ, விறகுக் குவியலின் இடுக்கிலோ, தோட்டக் கொட்டகையின் தரைக்குக் கீழேயோ இடம் பார்த்துக்கொண்டு, உதிர்ந்த இலைகளை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து முதலில் ஒரு குவியலாகப் போடுகிறது. பிறகு அந்தக் குவியலுக்குள்ளே புகுந்து, உடம்பைச் சுற்றிச் சுற்றித் திருப்புகிறது. அப்படித் திரும்பத் திரும்ப முட்களால் வாரப்பட்டு, தாறுமாறாகக் கிடந்த இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, புத்தகத்தின் ஏடுகளைப் போலே அடுக்காகிவிடுகின்றன. இவ்வாறு உண்டாகும் சுவர் சில சமயம் ஒரு சாண் கனத்துக்குக்கூட இருக்கும். மழை நீர் உள்ளே இறங்காது. வெளியே உறைபனி விழுந்தாலும் உள்ளே சீதோஷ்ணம் அதிகமாக மாறாது. தைக்கவும் கட்டவும் கை இல்லாத ஒரு பிராணி, வெறும் இலையைக் கொண்டு இப்படி ஒரு வீட்டைக் கட்டுகிறது. இலை இல்லாவிட்டால் இந்த வீடு இல்லை. வீடு இல்லாவிட்டால் முள்ளெலி இல்லை. ஆகவே அகன்ற இலை மரங்களின் சருகைத் தோட்டத்தின் ஒரு மூலையிலேனும் ஈரம் தேங்காத இடத்தில் குவித்துவைத்து, அதன்பிறகு அதைக் கிளறாமல் விட்டுவிடுவதே இந்தப் பிராணிக்குச் செய்யக்கூடிய பேருபகாரம்.

கிளறாமல் விடுவது ஏன் அவ்வளவு அவசியம் என்றால், ஒவ்வொரு தடவை விழித்தெழும்போதும் குளிர்ந்துபோன உடம்பை மறுபடியும் சூடாக்கிக்கொள்ள முள்ளெலி தன் கொழுப்பில் பெரும் பகுதியைச் செலவழிக்க நேரிடுகிறது. இயற்கையாகவே அது சில நாளைக்கு ஒரு முறை விழித்துப் பின் உறங்குவதுண்டு. அதற்குமேல் மனிதனும் எழுப்பினால் வசந்தம் வருமுன்னே இருப்புத் தீர்ந்துவிடும். குளிர்காலத்தின் நடுவே வெப்பமான நாட்கள் தொடர்ந்து வந்தாலும் இதே அபாயந்தான். ஆதலால், குளிர் குறைந்தால் பிராணிகளுக்கு நன்மைதானே என்று எண்ணுவது சரியன்று.

நவம்பர் 5-ஆம் தேதி வேறொரு ஆபத்து. 1605-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி கண்டுபிடிக்கப்பட்டதன் ஞாபகார்த்தமாக, அன்று இரவு இங்கிலாந்து முழுவதும் சொக்கப்பனைபோல் விறகைக் குவித்துத் தீமூட்டுவார்கள். நாலைந்து நாள் முன்னதாகவே குவித்துவைத்த விறகும் சருகும் முள்ளெலியின் கண்ணுக்குக் குளிர்காலத்துக்கென்றே கட்டிக்கொடுத்த மாளிகையாகத் தோன்றுகின்றன. உள்ளே போய்ச் சுருண்டுகொண்ட பிராணி, தீ நெருங்கும்போது ஓடுவதற்குப் பதிலாக, தன் சுபாவப்படி இன்னும் இறுகச் சுருண்டுகொள்கிறது. அதனால்தான் விறகை அன்றைக்கே அடுக்க வேண்டும், அல்லது தீவைப்பதற்கு முன் வேறோர் இடத்துக்கு மாற்றி அடுக்க வேண்டும் என்று அங்கே வருஷந்தோறும் சொல்லி வருகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் மிகையாகாத வார்த்தை இது.

உணவு வைப்பவர்கள் பாலும் ரொட்டியும் வைக்கக் கூடாது. பாலைச் செரிக்கும் சக்தி வளர்ந்த முள்ளெலிக்கு இல்லை, குடித்தால் வயிறு கெட்டுப்போகும். நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கிற மாமிச உணவும் ஒரு தட்டில் தண்ணீரும் போதும். செப்டம்பரில் பிறந்த குட்டிகள் குளிர் வருவதற்குள் 450 கிராம் எடையாவது பெறாவிட்டால் பிழைப்பது துர்லபமாகையால், அக்டோபர் மாத உணவு அவற்றுக்கு மிகவும் முக்கியமானது. இரவில் மட்டும் நடமாட வேண்டிய பிராணி பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு வந்தால் அது நோய்ப்பட்டிருக்கிறது என்று அறிந்து, உயரமான பெட்டியில் துணி போட்டு வைத்து, காப்பகத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும். இவை யாவற்றையும்விட எளிய காரியம் ஒன்று உண்டு. முள்ளெலி ஒரே இரவில் ஒரு மைல் தூரம்கூட இரை தேடி நடக்கக்கூடியது. பலகை வேலிகளோ வீட்டுக்கு வீடு அதன் வழியை அடைத்துவிடுகின்றன. வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துவாரம் வெட்டி, அடுத்த வீட்டாரையும் அவ்வாறே செய்யச் சொன்னால், ஒரு தெரு முழுவதும் அதற்கு வழி திறந்துவிடும். 2020-இல் பிரிட்டனின் பாலூட்டிகளில் அழிவின் விளிம்பை நோக்கிப் போகிறவற்றின் பட்டியலில் முள்ளெலியும் சேர்ந்துவிட்டபடியால், இந்தத் துவாரத்தை வேடிக்கை என்று யாரும் தள்ளுவதற்கில்லை.

உறங்கும் பாக்கியமும் இல்லாதவை சின்னஞ்சிறு பறவைகள். உடம்பு சிறுத்தால் உஷ்ணம் விரைவில் வெளியேறும் என்பது இயற்கை விதி. நம் பட்டாணிக்குருவிக்கு உறவான ப்ளூ டிட் பதினொரு கிராம் எடைதான் இருக்கும். நீண்ட குளிர்கால இரவு ஒன்றைக் கழிக்க அது தன் கொழுப்பையே எரித்தாக வேண்டும். பொழுது விடிந்ததும் எட்டு மணி நேரத்துக்குள் அடுத்த இரவுக்கான கொழுப்பைத் தின்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பகல் தவறினால் மறுநாள் விடியலை அது காணாது போகலாம்.

1962-63 குளிர்காலம் இதற்குச் சாட்சி. 1740-ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்து கண்டறியாத கடுங்குளிர் அது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விழத் தொடங்கிய பனி பல இடங்களில் மார்ச் மாதம் வரையில் தரையைவிட்டு அகலவில்லை. பத்து கிராமுக்கும் குறைவான ரென் என்னும் குருவி அந்த ஒரு பருவத்தில் முக்கால் பங்குக்குமேல் மடிந்துபோயிற்று. மற்றக் காலமெல்லாம் தன் எல்லைக்குள் வேறொரு குருவி வந்தால் பொறுக்காத இந்த ரென், கடுங்குளிர் வந்தால் பகையெல்லாம் மறந்து, மற்றவற்றோடு ஒரே பொந்தில் ஒண்டிக்கொள்கிறது. தலையை நடுவிலும் வாலை வெளிப்புறத்திலும் வைத்துக்கொண்டு, வட்டமாக, அடுக்கின்மேல் அடுக்காக அவை அடைந்துகொள்ளும். 1969-இல் நார்போக் மாவட்டத்தில் சாதாரணக் கூட்டுப்பெட்டி ஒன்றில் அறுபத்தொரு ரென்கள் இப்படி அடைந்திருந்ததைக் கண்டு எழுதிவைத்திருக்கிறார்கள். குஞ்சு பொரித்து முடிந்ததே என்று பெட்டியைக் கழற்றி வைத்துவிடாமல், பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்து, அங்கேயே விட்டுவைப்பதன் பயன் இதுதான்.

பறவைக்குத் தீனி வைக்கும் பழக்கம் அந்நாட்டில் பரவியதற்கும் ஒரு கடுங்குளிரே காரணமாயிற்று. 1890-91 குளிர்காலத்தில் பறவைகள் உறைந்து விழுவதைக் கண்டு, ஒரு பிடி உணவாவது வெளியே வையுங்கள் என்று பத்திரிகைகள் ஜனங்களை வேண்டிக்கொண்டன. அதன்பின் அந்தத் தர்மம் நிலைத்துவிட்டது. சாப்பிடுவதற்கு முன் காக்கைக்கு ஒரு கவளம் வைக்கும் குடியில் பிறந்த நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. லண்டனில் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் பின்தோட்டம் உள்ள வீடுகளில் குடியேறியிருக்கும் நம்மவர்கள் மீந்த சோற்றைத் தாராளமாக வைக்கலாம். உப்புச் சேராத சோறு அந்தப் பறவைகளுக்கும் நல்ல உணவே. உப்பு மட்டும் கூடவே கூடாது, ஏனெனில் அதை வெளியேற்றும் சக்தி அந்தச் சிறு உடம்புகளுக்குப் போதாது. தோல் நீக்கிய சூரியகாந்தி விதையும், உப்பிடாத நிலக்கடலையும், கொழுப்புருண்டையும் மிகவும் சிலாக்கியமானவை. கொழுப்புருண்டை நைலான் வலைக்குள் விற்கப்பட்டால் வலையைக் கழற்றிவிட்டு வைக்க வேண்டும், இல்லையேல் காலோ அலகோ சிக்கிக்கொள்ளும். தண்ணீரையும் மறக்கலாகாது. குடிப்பதற்கு மட்டுமல்ல, குளித்து இறகைச் செம்மையாக வைத்துக்கொண்டால்தான் அதனிடையே காற்று தங்கிக் குளிரைத் தடுக்கும் என்பதனால், உறைபனியிலும் அவை நீராடுகின்றன. தட்டில் நீர் உறைந்தால் வெந்நீர் விட்டு இளக்கலாம். உப்பையோ வேறு மருந்தையோ போட்டு உறையாமல் தடுக்க முயலக் கூடாது.

உபகாரமே அபகாரமாகும் இடம் ஒன்றும் உண்டு. பல பறவைகள் ஒரே பாத்திரத்தில் தின்னும்போது ஒன்றின் எச்சிலில் உள்ள நோய்க்கிருமி மற்றொன்றுக்குப் போகிறது. 2005-ஆம் வருஷம் முதல் தொண்டையைத் தாக்கும் ஒரு நோய் இவ்விதமாகப் பரவி, தோட்டங்களில் சர்வ சாதாரணமாக இருந்த கிரீன்பிஞ்ச் என்னும் பச்சைக் குருவிகளை லக்ஷக்கணக்கில் கொன்றுவிட்டது. 2021-இல் அதன் பெயர் ஆபத்திலுள்ள பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. ஆகவே தீனிப் பாத்திரத்தை வாரம் ஒரு முறையாவது தேய்த்துக் கழுவிக் காயவைப்பதும், தொங்கவிடும் இடத்தை அவ்வப்போது மாற்றுவதும், நோயுற்ற பறவையைக் கண்டால் சில வாரங்களுக்குத் தீனியையே நிறுத்திவிடுவதும் இன்றியமையாதவை. கழுவ நேரமில்லாதவர் தீனி வைக்காமலிருப்பதே நலம் என்பது என் அபிப்பிராயம். அதற்குப் பதிலாக அவர் வேலிச் செடியை இலையுதிர்காலத்தில் வெட்டாமல் விட்டாலே போதும். ஹாலி மரத்தின் செந்நிறக் கனிகளும் ஹாதார்ன் பழங்களும் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வரும் பாட்டுக்குருவிகளுக்குப் பசி தீர்க்கும்; தரையில் விழுந்த ஆப்பிளும் அப்படியே. மிசில் திரஷ் என்ற பறவை ஒரு ஹாலி மரத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு, குளிர்காலம் முழுவதும் மற்றப் பறவைகளை அண்டவிடாமல் காவல் காத்து, கனிகளைச் சிக்கனமாகத் தின்னும்.

மனிதன் வைக்கும் இந்தத் தீனி எவ்வளவு தூரம் பலிக்கிறது என்பதற்கு ஓர் ஆச்சரியமான திருஷ்டாந்தம் உண்டு. பிளாக்கேப் என்ற சிறு பறவை ஜெர்மனி, ஆஸ்திரியா முதலிய தேசங்களில் கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போவது வழக்கமாயிருந்தது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அவற்றுள் ஒரு பகுதி வடமேற்கே திரும்பிப் பிரிட்டனுக்கு வரத் தொடங்கிற்று. பீட்டர் பெர்தோல்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இவற்றின் குஞ்சுகளைக் கூண்டில் வளர்த்துச் சோதித்தபோது, பிரிட்டனையே கண்டறியாத அந்தக் குஞ்சுகளும் அந்தத் திசையையே நாடின. புதிய வழி பிறவியிலேயே இறங்கிவிட்டது என்பதை 1992-இல் அவர்கள் வெளியிட்டார்கள். இந்தப் பறவைகளைப் பிரிட்டனில் தங்கவைப்பவை மிதமான குளிரும், வீட்டுத் தோட்டங்களில் வைக்கப்படும் உணவுமே.

குளம் உள்ள தோட்டத்தில் வேறொரு கவனம் வேண்டும். தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கிறது. அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறைகிறது, அடியில் 4 டிகிரி நீர் உறையாமல் தங்குகிறது. தவளைகளிற் சில அந்த அடிச்சேற்றில் அசையாமல் கிடந்து, தோலின் வழியாகவே நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டு உயிர்வாழ்கின்றன. மேலே உள்ள பனிக்கட்டியைச் சுத்தியால் உடைப்பது அந்த அதிர்ச்சியால் அவற்றுக்கு ஊறு செய்யும்; அடுப்பில் காய்ச்சிய வெந்நீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டியின்மேல் வைத்து இளக்குவதே தகும். பனிக்கட்டியின்மேல் மூடிக் கிடக்கும் வெண்பனியைப் பெருக்கித் தள்ளுவது இன்னும் பயனுள்ளது. வெளிச்சம் உள்ளே போனால் நீரடிச் செடிகள் பிராணவாயுவை விடுவது நிற்காது. தேரைகளும், பல்லி வடிவான நியூட் என்னும் பிராணிகளும் பெரும்பாலும் நீரில் இராமல் கல்லுக்கும் மரக்கட்டைக்கும் அடியில் ஒளிந்திருப்பதால், நாலு கட்டைகளை நிழலில் அடுக்கிவைத்தால் அவற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். தென் லண்டன் தோட்டங்களில் மண்ணில் புதைந்து உளுத்த கட்டைகளில், மான் கொம்புபோன்ற தாடையுள்ள ஸ்டாக் வண்டின் புழுக்கள் வருஷக்கணக்காக வளர்கின்றன என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

பூச்சிகளைக் காப்பாற்றுவதற்கு யாரும் முன்வருவதில்லை. அவை குளிரில் தாமே செத்துத் தாமே பிறக்கும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். பிரிட்டனில் 24 இனங்களாக உள்ள பம்பிள் தேனீயை எடுத்துக்கொள்வோம். தேனடைத் தேனீயைப்போல் இது குடும்பத்தோடு குளிரைக் கழிப்பதில்லை. இலையுதிர்காலத்தில் வேலைக்காரத் தேனீக்களும் ஆண்களும் பழைய ராணியும் யாவரும் இறந்துபோக, கருவுற்ற இளம் ராணி மட்டும் மிஞ்சுகிறது. அது வயிறு நிறைய மதுவை நிரப்பிக்கொண்டு, பெரும்பாலும் வடக்கு நோக்கிய மண்சரிவாகப் பார்த்து, சில அங்குல ஆழத்தில் தன் உடம்பளவுக்கு ஓர் அறை குடைந்து, அதில் ஒடுங்கிவிடுகிறது. தெற்குச் சரிவில் குளிர்கால வெயில் பட்டால் மண் சூடேறி, பூ இல்லாத காலத்தில் விழித்துக்கொள்ள நேரும். அதைத் தவிர்க்கவே வடக்கைத் தேடுகிறது. அடுத்த கோடையில் ஒரு கூடு முழுவதும் உண்டாக வேண்டிய சந்ததி அந்த ஓர் உயிரில் அடங்கியிருக்கிறது. நவம்பரில் மண்வெட்டியோடு அந்தச் சரிவைக் கொத்திப் புரட்டுகிறவர் அதை அறியார்.

பொறிவண்டுகள் காய்ந்த தண்டுகளின் இடுக்குகளில் கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். வசந்தத்தில் ரோஜாச் செடியின் அசுவினிகளைத் தின்று தீர்ப்பவை அவைதாம். மஞ்சள் நிறப் பிரிம்ஸ்டோன் வண்ணத்துப்பூச்சி ஐவிக் கொடியின் அடர்த்தியில் இலையோடு இலையாகத் தொங்கும். அதன் சிறகின் நரம்புகூட இலை நரம்பைப் போலவே இருக்கும். ஐவியைச் சுவரைக் கெடுக்கும் கொடி என்று பலர் வெறுக்கிறார்கள். ஆனால் மற்றெல்லாப் பூவும் ஓய்ந்தபின் செப்டம்பர் முதல் நவம்பர் வரையில் பூத்து மதுவைத் தருவதும், மற்றெல்லாக் கனியும் தீர்ந்தபின் ஜனவரிக்குமேல் பழுத்துப் பறவைகளைப் பிழைக்க வைப்பதும் அந்தக் கொடியே. அதை வேரோடு பிடுங்குமுன் இருமுறை யோசிக்க வேண்டும். பிரௌன் ஹேர்ஸ்ட்ரீக் என்ற வண்ணத்துப்பூச்சி பிளாக்தார்ன் செடியின் இளங்கிளையில் முட்டையிட்டுவிட்டு மறைகிறது. வருஷந்தோறும் வேலியைச் சீராக நறுக்குகிறவர்கள் அடுத்த தலைமுறையை முட்டையிலேயே நறுக்கித் தள்ளுகிறார்கள். மயிற்கண் போன்ற புள்ளிகளுள்ள பீகாக் முதலிய வேறு சில, வீட்டின் பரணிலும் திரைச்சீலை மடிப்பிலும் வந்து ஒண்டிக்கொள்கின்றன. கிறிஸ்துமஸ் சமயத்தில் அறையைச் சூடாக்கும்போது வசந்தம் வந்துவிட்டதென்று மயங்கி ஜன்னல் கண்ணாடியில் படபடக்கும் அவற்றை, இரக்கப்பட்டு வெளியே விட்டால் இறந்துபோகும். மெல்லப் பிடித்து அட்டைப் பெட்டியில் சற்று நேரம் குளிர்ச்சியாக வைத்து, பிறகு சூடில்லாத கொட்டகையில், வசந்தத்தில் வெளியேற ஒரு சந்து இருக்கும்படியாக விட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் வெயில் சற்று உறைக்கத் தொடங்கியதும் பழைய பழக்கத்தால் கை வாருகோலைத் தேடும். அப்போதும் அவசரப்படலாகாது. மண்ணுக்குள் இருந்த ராணித் தேனீ அந்த நாட்களில்தான் வெளியே வருகிறது; இருப்பு முழுவதும் தீர்ந்து, சில மணி நேரத்துக்குள் மது கிடைக்காவிட்டால் பறக்கவும் திராணியற்றுத் தரையில் விழுந்துவிடக்கூடிய நிலையில் அது வருகிறது. குரோக்கஸ், மஹோனியா, குளிர்காலத்தில் பூக்கும் ஹெதர் ஆகியவை அதற்கு உயிர்ப்பிச்சை அளிக்கும் செடிகள். அவற்றில் குரோக்கஸின் கிழங்கைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே மண்ணில் ஊன்றியிருக்க வேண்டும். காய்ந்த தண்டுகளை மார்ச் மாதக் கடைசிக்குப் பிறகு வெட்டலாம். வெட்டியவற்றையும் உடனே எரிக்காமல் சில வாரம் ஓர் ஓரமாகச் சாய்த்துவைத்தால், இன்னும் உள்ளே இருப்பவை தாமே வெளியேறிப் போகும்.